ஊதாத சங்கு

செங்கரை விபத்து விசாரணை ஆணையத்தின் முன்னால் முதல் சாட்சியாக வந்து நின்ற லூர்து மேரி, அன்றைக்கு ஆலைச் சங்கு ஊதியதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னாள். அவளை அழைத்து வந்திருந்த தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர் கோமதிநாயகம் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சங்கு ஊதவில்லை என்பதுதான் அவர் இரண்டு வருடமாகக் கட்டி நிறுத்தியிருந்த வழக்கு. அதைச் சொல்வதற்காகத்தான் அவளை அழைத்து வந்திருந்தார்.

கேள்வியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். காலையில் ஷிப்ட் மாறும்போது ஊதிய சங்கைச் சொல்கிறாளோ என்று கேட்டார். இல்லை என்றாள். கலன் வெடிப்பதற்கு ஆறேழு நிமிடம் முன்னால், கேன்டீனில் தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நீளமாக ஊதியது என்றாள். பொய் சொல்கிறவர்களிடம் இருக்கும் அவசரம் அவளிடம் இல்லை. ஆலைத் தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு நாட்களில் இன்னும் நான்கு தொழிலாளர்கள் அதையே சொன்னார்கள்.

ஐந்து பேரும் நினைவுக்கூடத்துக்குப் போய் வருகிறவர்கள் என்று தெரிந்ததும், மூன்றாம் நாள் மத்தியானம் கோமதிநாயகம் சென்னையில் இருந்த தமயந்திக்குப் போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அந்தக் கூடத்துக்குள்ள நீங்க என்னத்தம்மா போட்டு வச்சிருக்கிய?"

தமயந்தி ஒலிக்கலைஞர். அருங்காட்சியகங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் ஒலி அமைப்பது அவள் தொழில். அவள் அமைக்கும் கூடங்களில் யாரும் ஹெட்போன் மாட்ட வேண்டியதில்லை. சுவரிலும் கூரையிலும் தரைப்பலகைக்கு அடியிலும் நூற்றுக்கணக்கான சிறிய ஸ்பீக்கர்கள் இருக்கும். உள்ளே வருகிறவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்தில் அவருக்கு மட்டுமான ஒலியை அவை கொண்டுபோய்ச் சேர்க்கும். நான்கடி தள்ளி நிற்பவருக்கு வேறு கேட்கும். தரையில் பொருத்திய ஸ்பீக்கர்களின் அதிர்வு கால் வழியாக ஏறும். கண்ணை மூடிக்கொண்டால் அந்த இடத்துக்கே போய்விட்ட மாதிரி இருக்கும்.

செங்கரை நினைவுக்கூடம் அவள் செய்ததிலேயே பெரிய வேலை. செங்கரையின் உரத் தொழிற்சாலையில் ஒரு முற்பகலில் அம்மோனியாக் கலன் வெடித்து முப்பத்தொரு பேர் இறந்தார்கள். வாயு கசியத் தொடங்கியதற்கும் கலன் வெடித்ததற்கும் இடையில் ஒன்பது நிமிடம் இருந்தது. சங்கு ஊதியிருந்தால் வெளிவாசலுக்கு ஓட அந்த ஒன்பது நிமிடம் தாராளம். ஊதியது என்றது நிர்வாகம். ஊதவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள். கன்ட்ரோல் ரூம் கருவிகள் எல்லாம் எரிந்துவிட்டதால் பதிவு எதுவும் மிஞ்சவில்லை. நினைவுக்கூடத்தை ஓர் அறக்கட்டளை கட்டியது. அந்த ஒன்பது நிமிடத்தை ஒலியாக மீட்டுத் தரும் வேலை தமயந்திக்கு வந்தது.

அவள் வீடு வீடாகப் போய் நாற்பத்து மூன்று கைபேசிகளில் இருந்து ஒலி சேகரித்தாள். அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டியதை ஒருவர் படம் எடுத்திருந்தார். ஒரு லோடுமேன் தன் மனைவிக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். கேன்டீனில் பாத்திரம் உருளும் சத்தம் ஒன்றில் இருந்தது. இவற்றையெல்லாம் இடம் பார்த்து, நொடி பார்த்துப் பொருத்தினாள். எதிலும் சங்கு இல்லை. அதனால் கூடத்திலும் சங்கு இல்லை. வாயு சீறும் ஒலி மெல்லப் பெருகும், மனிதர்கள் ஒன்றும் தெரியாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். அதுதான் கேட்பவர்களை உலுக்கியது.

உலுக்கியது அதிகமாகிவிட்டது. திறந்த முதல் மாதத்திலேயே இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மகனை இழந்த ஒருவர் சுவரில் தலையை மோதிக்கொண்டார். மூடிவிடலாம் என்று அறக்கட்டளை பேசத் தொடங்கியது. அப்போதுதான் தமயந்தியும் அவளுடன் வேலை செய்த, கணினி நிரல் எழுதும் இர்ஃபானும் அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். கூரையில் இருக்கும் சென்சார்கள் கேட்பவரின் மூச்சையும் நாடித்துடிப்பையும் கவனிக்கும். அவருக்கு மூச்சு முட்டினால் நிரல் தானாகவே ஒலியைத் திருத்தி அவரைத் தாங்க வைக்கும். தினமும் வருகிறவர்களிடமிருந்து அது கற்றுக்கொள்ளும். கேட்பவரின் மூச்சே ஒலியை நடத்தட்டும் என்று திட்ட அறிக்கையில் தமயந்தி எழுதியிருந்தாள். அந்த ஒரு வரிக்காகவே அவளைப் பல ஊர்களுக்குப் பேச அழைத்தார்கள்.

கோமதிநாயகத்தின் கேள்வி அவளுக்குக் கோபத்தைத்தான் தந்தது. கூடத்தில் சங்கு இல்லை, நான் வைக்காதது அங்கே எப்படி வரும் என்று கேட்டாள். நேரில் வந்து பாருங்கள் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை செங்கரைக்குப் போனாள். கூடத்தின் நடுவில் ஒன்பது நிமிடமும் நின்று கேட்டாள். சங்கு இல்லை. இன்னொரு மூலைக்குப் போய்த் திரும்பவும் கேட்டாள். இல்லை. அந்த எரிச்சலோடேயே ஆணையம் நடந்த பழைய யூனியன் அலுவலகக் கட்டடத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு ஆறாவது சாட்சி. மூட்டை ஏற்றும் லோடுமேன் ஒருவர். சங்கு எப்படி ஊதியது என்று நீதிபதி கேட்டார். அவர் கையை வாயருகே குவித்து ஊதிக் காட்டினார். கீழிருந்து ஏறி, நடுவில் விக்கல் போல ஒரு கணம் அறுந்து, மறுபடி நீண்டது அந்தச் சத்தம்.

தமயந்திக்கு அந்த விக்கலைத் தெரியும். அதைச் செய்தவளே அவள்தான். பல வருடத்துக்கு முன் யாரோ ஆலைவாசலில் எடுத்த ஒரு கல்யாண ஊர்வல வீடியோவில் ஷிப்ட் சங்கு பதிவாகியிருந்தது. நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்திருந்தது. ஹாரனை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டியபோது அந்த இடம் சரியாகச் சேரவில்லை. வேண்டாம் என்று பயன்படுத்தாத கோப்புகளோடு அதையும் போட்டு வைத்திருந்தாள். உலகத்தில் எந்தச் சங்கும் அப்படி விக்கியதில்லை.

உடனே எழுந்து வெளியே போய் இர்ஃபானை அழைத்தாள். அவன் அன்று மாலையே செங்கரைக்கு வந்து, கூடத்தின் பின்னால் இருந்த சிறிய கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து, லூர்து மேரி கடைசியாக வந்த நாளில் அவள் நின்ற இடத்துக்கு அனுப்பப்பட்ட ஒலியைத் தேடி எடுத்தான். போட்டுக் காட்டினான். இரண்டாம் நிமிடம் முடியும்போது தூரத்தில் தொடங்கிய சங்கு, விக்கி, நீண்டு, முழுதாக ஒரு நிமிடம் ஊதியது. அருமையாக ஊதியது. ஆலைக்குள் எந்தக் கட்டடத்தில் மோதி எப்படித் திரும்பி வருமோ அந்த எதிரொலிகூடச் சரியாக இருந்தது.

"யாருடா வச்சது இத?" என்றாள்.

"யாரும் வைக்கலக்கா. மூச்சு எங்க முட்டுதோ அங்க அது ஏதாவது செஞ்சு பாக்கும். முதல்ல சத்தத்தக் குறைச்சிருக்கு, பத்தல. கம்ப்ரசர் இரைச்சலக் கொஞ்சம் தூக்கியிருக்கு, லேசா மூச்சு தளர்ந்திருக்கு. அந்த இரைச்சல நீட்ட நீட்ட இன்னும் தளர்ந்திருக்கு. சங்கு மாதிரி ஆக ஆக எல்லாருக்கும் மூச்சு சீராயிருக்கு. கடைசில நம்ம கோப்புலயே சங்கு கிடக்கறதக் கண்டுபிடிச்சு எடுத்துக்கிச்சு."

"நான் ரெண்டு தடவ நின்னேனே. எனக்கு ஏன் கேக்கல?"

இர்ஃபான் கொஞ்சம் தயங்கினான். "உங்களுக்கு மூச்சு முட்டலையேக்கா. ஆயிரம் தடவ கேட்டுட்டீங்க."

அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "அந்த ஒம்பது நிமிஷத்துல ஒவ்வொருத்தரும் ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. அதத்தான் அது குடுத்துருக்கு. ஒரேயடியாவும் குடுக்கல. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா. அவங்க மாசா மாசம் வந்துருக்காங்க."

உண்மைதான். ஒவ்வொரு மாதமும் விபத்து நடந்த தேதியில் பிழைத்தவர்களும் குடும்பத்தாரும் கூடத்தில் கூடுவது வழக்கமாகியிருந்தது. தமயந்தி அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றும். அறக்கட்டளைச் செயலாளரிடம் போய் நிரலை நிறுத்தச் சொன்னாள். வருகிறவர்கள் அமைதியாகத் திரும்பிப் போகிறார்கள், ஒருவரும் மயங்கி விழுவதில்லை, இதை ஏன் கெடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். பதிவுகளை ஆணையத்திடம் கொடுக்கச் சொன்னாள். வந்தவர்களின் மூச்சும் நாடியும் அதில் இருக்கிறது, அது அவர்களுடைய அந்தரங்கம், தர முடியாது என்றார். எழுத்தில் கேளுங்கள் என்றார். எழுத்தில் கேட்டாள். குழு கூடி முடிவு செய்யும் என்று பதில் வந்தது. குழு கூடவில்லை. இர்ஃபான் அன்று திரையில் போட்டுக் காட்டியதைப் பிரதி எடுக்க அவனுக்கு ஒப்பந்தப்படி உரிமை இல்லை. எடுத்தால் அது சாட்சியமாகச் செல்லாது என்று கோமதிநாயகமே சொன்னார்.

கடைசியில் தானே சாட்சி சொல்வதாகக் கேட்டுக்கொண்டு ஆணையத்தின் முன் நின்றாள். நடந்ததை விளக்கினாள். விக்கலைப் பற்றிச் சொன்னாள். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆலைத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, தமயந்தி ஒரு வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகைக்குத் தந்த பேட்டியை வாசித்தார். கைபேசி மைக் ஒரே சீராக வரும் ஒலியை வேண்டாத இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும், அதனால் ஆலையின் கம்ப்ரசர் ஓசையை நானே திரும்ப உருவாக்க வேண்டியிருந்தது என்று அதில் அவள் சொல்லியிருந்தாள்.

சங்கும் நீளமான, சீரான ஒலிதானே என்று அவர் கேட்டார். ஆம், ஆனால் அது ஏறி வரும்போது என்று தொடங்கினாள். ஆம் என்பது போதும் என்றார். கைபேசிகளில் இல்லை என்பதால் சங்கு ஊதவில்லை என்று ஆகாது, இல்லையா? ஆம், ஆனால் என்று தமயந்தி விளக்க முயன்றாள். சுருக்கெழுத்தாளர் ஆம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். உண்மையான சங்கிலும் ஒரு விக்கல் இருந்திருக்கலாம் அல்லவா, அந்த அம்மா அதை ஒருநாளாவது நேரில் கேட்டதுண்டா என்று கடைசியாகக் கேட்டார். அவள் கேட்டதில்லை.

இனி சாட்சிகளே மாற்றிச் சொன்னால்தான் உண்டு என்றார் கோமதிநாயகம். தமயந்தி லூர்து மேரியைத் தேடிப் போனாள்.

லூர்து மேரி இப்போது அங்கன்வாடியில் சமையல் வேலை பார்த்தாள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்துவிட்டுப் பின்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். தமயந்தி எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். அந்தச் சத்தம் இயந்திரம் சேர்த்தது, அன்றைக்கு அது இல்லை என்றாள். லூர்து மேரி குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் தன் புருஷன் சிலுவைராஜைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

சிலுவைராஜுக்கு மூட்டை கட்டும் கொட்டகையில் வேலை. கேன்டீனில் இருந்து கூப்பிடு தூரம். விபத்துக்குப் பிறகு ஒன்றரை வருடம் அவள் ஒரே கேள்வியோடு கிடந்தாள். ஒன்பது நிமிடம் அந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருந்தார்? கசிகிறது என்றுகூடத் தெரியாமலா மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்? அவர் உடம்பு கொட்டகையின் உள்கோடியில், இரண்டு வடநாட்டுத் தொழிலாளர்களின் பக்கத்தில் கிடந்தது. ஏன் அங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு மாதம் கூடத்தில் நின்றபோது சங்கு லேசாகக் கேட்டது. அடுத்த மாதம் நன்றாகவே கேட்டது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவருக்குச் சங்கு கேட்டிருக்கிறது. புதிதாக வந்த அந்த இரண்டு பேருக்கு அந்தச் சங்குக்கு அர்த்தம் தெரிந்திருக்காது. அவர்களைக் கூப்பிட உள்ளே போயிருக்கிறார்.

"தெரியாம சாகலம்மா அவிய. தெரிஞ்சு உள்ள போயிருக்காவ. இப்பதான் நான் சோறு திங்கேன், ஒறங்குதேன். இத எங்கிட்டருந்து எடுக்காதிய."

தமயந்தி திரும்பி நடந்தபோது அவளுக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. வேறு யார்மேலும் கோபப்பட வழியில்லை என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

கோமதிநாயகத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து, அன்றைய ஷிப்டில் இருந்தவர்களின் பட்டியலை அவள் ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். கூடத்துக்கு ஒரு தடவைகூட வராதவர் யாராவது வேண்டும். கன்ட்ரோல் ரூமில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் இறந்துவிட்டார்கள். ஐந்தாவது பெயர் மாசானம், உதவியாளர். அவரை ஏன் சாட்சியாகப் போடவில்லை என்று கேட்டாள்.

"அவனுக்குச் சுத்தமா காது கேக்காதும்மா. சங்கு ஊதுச்சா இல்லையான்னு செவிடன்ட்டயா கேக்க முடியும்?"

"அவருக்குக் காது எப்ப போச்சு?"

கோமதிநாயகம் பேனாவை எடுத்து அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார். வெடித்தபோதுதான் போயிற்று.

மாசானம் ஊருக்கு வெளியே சிமெண்ட் கல் அறுக்கும் பட்டறையில் கற்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தமயந்தி தன் கைபேசியில் எழுதிக் காட்டினாள். யார் என்று படித்ததும் முகம் இறுகியது. இரண்டாவது வரியைப் படித்ததும் ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, குழாயடியில் போய்க் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

திரும்பி வந்து சத்தமாகப் பேசினார். தான் பேசுவது தனக்குக் கேட்காததால் பட்டறையில் எல்லாருக்கும் கேட்டது.

"நாந்தான் பொத்தான அமுக்கினேன். எஞ்சினியர் அமுக்குலே அமுக்குலேன்னாரு. உள்ளங்கையால அமுக்கினேன். சங்கு ஊதல."

அந்தப் பொத்தானில் இருந்து சங்குக்குப் போகும் வயரை மட்டும் அந்த வருடம் பொங்கலுக்கு முன்பே கழற்றிவிட்டார்கள் என்பது அவருக்கு அப்போது நினைவிருந்தது, ஆனால் கையை எடுக்க முடியவில்லை. மாதத்துக்கு மூன்று தடவை சும்மா சும்மா ஊதி வேலை நின்றுபோகிறது என்று மேலே இருந்து சொன்னதால் கழற்றினார்கள். திரும்ப மாட்டுவதாக இருந்தது, மாட்டவில்லை. மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ அந்தப் பொத்தானை அமுக்கிக்கொண்டே நின்றார். பிறகு ஓடினார். இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று தமயந்தி எழுதிக் கேட்டாள்.

"தொண்டை இருந்துச்சுல்லாம்மா எனக்கு. கொட்டகைப் பக்கம் ஓடிப்போய்க் கத்தியிருக்கலாம். நான் வெளிவாசல்ல போய்க் கத்துதேன்."

ஆணையத்தில் அவருக்குக் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொன்றாகப் படித்து, சத்தமாகப் பதில் சொன்னார். வயர் கழற்றியதைச் சொன்னார். பொத்தானைச் சொன்னார். வாயு சீறியது, எஞ்சினியர் போனில் கத்தியது, பக்கத்துக் கட்டடத்தில் யாரோ பிறந்தநாள் பாட்டுப் பாடியது என்று தான் கேட்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அதற்குப் பிறகு வேறு எதுவும் கேட்டதில்லை என்பதால் அந்த ஒன்பது நிமிடம் அவருக்குள் அப்படியே இருந்தது. அவர் நினைவை மாற்ற எந்தக் கூடமும் இல்லை. கோமதிநாயகம் முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு தெம்பு வந்தது.

ஆலைத் தரப்பு வழக்கறிஞர் மூன்றே கேள்விதான் எழுதினார். வயர் கழற்றியதற்கு உங்களிடம் காகிதம் இருக்கிறதா? இல்லை. இதை இரண்டு வருடத்தில் யாரிடமாவது சொன்னீர்களா? இல்லை. நீங்கள் ஓடிப் பிழைத்தீர்கள், மற்ற நால்வரும் இறந்தார்கள், சரியா? மாசானம் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, சரி என்றார்.

நான்கு மாதம் கழித்து ஆணையத்தின் அறிக்கை வந்தது. சாட்சி சொன்ன பன்னிரண்டு தொழிலாளர்களில் ஒன்பது பேர் சங்கு ஊதியதாக ஒன்றுபோலச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேருக்கு நினைவில்லை, மறுப்பவர் ஒருவர் மட்டுமே, அவரும் தன் குற்ற உணர்ச்சியால் நிதானமாகச் சொல்லக்கூடிய நிலையில் இல்லை என்று அதில் இருந்தது. ஆகவே சங்கு ஊதியது என்று ஆணையம் முடிவு செய்தது. அடுத்த பத்தியில், எச்சரிக்கை ஒலித்த பின்னும் ஆறு நிமிடத்துக்கு மேல் வெளியேறாமல் இருந்ததற்குத் தொழிலாளர்களின் அலட்சியமே காரணம் என்றும், குறிப்பாக மூட்டைக் கொட்டகையில் இருந்தவர்களுடையது என்றும் எழுதியிருந்தது.

தமயந்தி அறக்கட்டளைக்கு மறுபடி எழுதினாள். கூடத்தில் ஒலிப்பது இப்போது அரசு ஆணையத்தின் முடிவோடு ஒத்துப்போகிறது, எனவே மாற்ற அவசியமில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. நினைவுக்கூடத்தின் வாசலில் இருந்த பலகையிலிருந்து தன் பெயரையாவது எடுக்கச் சொன்னாள். அதற்குப் பதிலே வரவில்லை.

பிறகு ஒருநாள் லூர்து மேரி போன் செய்தாள். அலட்சியம் என்ற சொல்லை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஊரில் பேசத் தொடங்கிவிட்டார்கள். சங்கு ஊதியும் கேளாமல் உட்கார்ந்திருந்தானாம் சிலுவை என்கிறார்களாம். அவளுக்கு அழுகை வரவில்லை, குரல் வறண்டிருந்தது.

"ஊதலன்னு போய்ச் சொல்லிரலாம்னு பாக்கேம்மா. ஆனா கண்ண மூடுனா எனக்கு ஊதுதே. பொய் சொன்ன மாதிரில்லா இருக்கும்."

மாசானத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் மட்டும்தான் அந்த இயந்திரம் தொடாத ஆள். அவரோடு ஒரு தடவை கூடத்துக்குள் நின்றால் தனக்கும் அது அடங்கிவிடுமோ என்று நினைத்தாள். அடங்காது என்று தமயந்திக்குத் தோன்றியது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் அவளிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு காலை வேளையில் மூவரும் கூடத்துக்குப் போனார்கள். வேறு யாரும் இல்லை. இர்ஃபான் பின்னறையில் இருந்தான். மாசானம் வாசலிலேயே தயங்கினார், காது கேட்காத எனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். லூர்து மேரி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் ஒரே இடத்தில் ஒட்டி நின்றார்கள். தமயந்தி பின்னறைக்குப் போய் இர்ஃபானின் திரைக்கு அருகில் நின்றாள்.

இரண்டு பேர் அவ்வளவு நெருக்கமாக நின்றால் நிரல் அவர்களை ஒருவராக எடுத்துக்கொள்ளும், இருவரில் யாருக்கு மூச்சு அதிகம் முட்டுகிறதோ அவரைப் பின்பற்றும் என்று இர்ஃபான் சொன்னான். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் சங்கின் கோடு எழுந்தது. தரைப்பலகை அதிர்ந்தது. மாசானம் சட்டென்று ஒரு காலைத் தூக்கினார். கண்ணாடி வழியே அவர் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, தோள் ஏறி ஏறி இறங்கியது.

அவருடைய மூச்சுக்கோடு திரையில் தாறுமாறாகக் குதித்தது. இருபது நொடியில் சங்கின் கோடு தாழ்ந்தது. அதைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தது நிரல். அவர் மூச்சு லேசாகத் தளர்ந்தது. இன்னும் குறைத்தது. இன்னும் தளர்ந்தது. சங்கு முற்றிலும் படுத்துவிட்டபோது மாசானம் தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

"திரும்ப ஆரம்பிச்சுப் போடு" என்றாள் தமயந்தி.

இர்ஃபான் முதலிலிருந்து போட்டான். கற்றுக்கொண்டதை நிரல் மறக்கவில்லை. இந்த முறை ஒன்பது நிமிடமும் சங்கின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. வாயு சீறியது, யாரோ பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள், பாத்திரம் உருண்டது, கலன் வெடித்தது. தமயந்தி முதன்முதலில் செய்து வைத்த அதே ஒன்பது நிமிடம். மாசானம் கண்ணை மூடி அசையாமல் நின்றார். லூர்து மேரி அவர் கையை விடவில்லை.

கதவைத் திறந்துகொண்டு தமயந்தி ஓடினாள். மாசானம் அவளைப் பார்த்து, முதல்ல என்னமோ தரையில ஊதிச்சு, ரெண்டாவது சரியா இருந்துச்சு என்று உரக்கச் சொன்னார். காது கேட்கும் ஒருவர் சொன்னதுபோல அவ்வளவு திட்டமாகச் சொன்னார்.

தமயந்தி லூர்து மேரியைப் பார்த்தாள். அவள் இன்னும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சங்கு கேட்டுச்சா?"

லூர்து மேரி தலையை ஆட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"ரெண்டு தடவையும் ஊதுச்சும்மா" என்றாள்.